குளிக்காத குழு

கோழிநோய்த் தடுப்பூசி நிலையத்தில் முட்டைக்கு ஒரு வாசல், மனிதருக்கு ஒரு வாசல். முட்டை வாசலில் ஏ.சி. உண்டு. மனித வாசலில் ஒரு மின்விசிறி உண்டு. அது சுற்றுமா என்று கேட்டால், சுற்றுவதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம் என்பார்கள்.

இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று பழகியவர் நம்முடைய முட்டைக்காரர். வாராவாரம் தட்டுத் தட்டாக முட்டை கொண்டு வருவார். முட்டைகள் உடனே உள்ளே போய்விடும். அவர் வெளியே நிற்பார். நிலையத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. "முட்டை வந்தாச்சா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தால், கீழேயிருந்து அவரே "வந்துட்டேன் சார்" என்று பதில் சொல்வார். இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முட்டைக்குக் கிடைக்கிற மரியாதையில் ஒரு துளியாவது தன் மேலும் தெறிக்கும் என்று நம்பிக் காலம் தள்ளியவர்.

மரியாதைக்குரிய முட்டைதான் அது. கடையில் வாங்குகிற ரகமில்லை. சேவலோடு சேர்ந்த கோழி இட்ட, கரு கூடிய முட்டை. நிலையத்தில் அதை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, உள்ளே குஞ்சு கொஞ்சம் உருவானதும் இருட்டறையில் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார்கள். சிவப்பு நூல் பின்னியது போல ரத்தக் குழாய்கள் தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி துள்ளும். துள்ளுகிற முட்டையின் தலையில் ஊசிமுனைத் துளை போட்டு, வீரியம் குறைத்த நோய்க்கிருமியைச் சொட்டு விட்டு, மெழுகால் அடைத்துவிடுவார்கள். கிருமி உள்ளே பல்கிப் பெருகும். பிறகு முட்டையைக் குளிர வைத்து, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி, உலர்த்திப் பொடியாக்கிச் சின்னக் குப்பியில் அடைத்தால் அதுதான் தடுப்பூசி. ஊசி என்பது பேச்சுக்குத்தான். பொடியைக் கரைத்துக் கோழியின் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முட்டையிடும் கோழிக்கு இந்த மருந்தைப் போட்டுவிடக் கூடாது. போட்டால் அதன் எதிர்ப்பு சக்தி மஞ்சள் கரு வழியாக முட்டைக்குள்ளும் போய்விடும். அப்புறம் அந்த முட்டையில் கிருமி வளராது. கிருமி வளராவிட்டால் மருந்து கிடையாது. ஆகவே ஊரிலுள்ள கோழிகளையெல்லாம் காப்பாற்றுகிற மருந்து, மருந்தையே கண்ணால் காணாத கோழிகளிடமிருந்துதான் வந்தாக வேண்டும். முட்டைக்காரரின் பண்ணையிலிருந்த சில நூறு கோழிகளும் அப்படிப்பட்டவை. அவற்றுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது சோப்பு ஒன்றுதான்.

சோப்புக்குப் பொறுப்பு அவர் மனைவி.

பண்ணை வாசலில் நிலையம் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தது. உள்ளே வருபவர் எவராயினும் தலைக்கு ஊற்றி, இரண்டு முறை சோப்புப் போட்டு, நகக்கண்களைத் தேய்த்து, காது மடலின் பின்புறம் கழுவி, மூக்கைச் சிந்தி, பண்ணை உடையும் பண்ணைச் செருப்பும் அணிந்து, கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்த பிறகே வரவேண்டும், விதிவிலக்கு கிடையாது, இப்படிக்கு இயக்குநர் என்று அதில் எழுதியிருந்தது. இப்படிப்பட்ட பலகைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவற்றை யாரும் நம்புவதில்லை. அந்த அம்மாள் நம்பிவிட்டாள். கூடப் பிறந்த தம்பியே வந்தாலும் ஈரத் தலையோடுதான் அக்காவைப் பார்க்க முடியும். ஒரு முறை கணவரின் அக்கா, புதிதாகத் தலை அலங்காரம் செய்துகொண்ட கையோடு வந்துவிட்டார். "தலைக்கு ஊத்திட்டு வாங்க அண்ணி" என்றாள் இவள். அதோடு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிலைமை இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது வட்டாரத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் கொத்திக்கொண்டிருந்த கோழி மாலையில் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தது. பண்ணைக்காரர்கள் மருந்து கேட்டு நிலையத்தின் மனித வாசலில் குவிந்தார்கள். மின்விசிறி சுற்றவில்லை.

ஆபத்து என்றதும் ஒரு நல்ல நிறுவனம் என்ன செய்யுமோ அதை நிலையம் செய்தது. குழு அமைத்தது. தூய பண்ணைகள் பாதுகாப்புக் குழு என்று அதற்குப் பெயர். இயக்குநர் தலைவர்; துணை இயக்குநர் துணைத் தலைவர்; மற்றவர்கள் தலையாட்டுவதற்கு. நிலையத்துக்கு முட்டை தரும் தூய பண்ணைகள் அப்போது மூன்று இருந்தன. குழு இரண்டைப் பார்வையிட்டு முடித்தது. முடித்த சில நாட்களிலேயே அந்த இரண்டிலும் ஒரு கோழி மிச்சமில்லை.

மூன்றாவது பண்ணையின் சொந்தக்காரர் என்ற முறையில் முட்டைக்காரரை அவசரக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். முதன்முறையாக மாடிக்குப் போனார். உட்காரவும் சொன்னார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

இயக்குநர் நல்ல உயரம். பேச ஆரம்பித்தால் இன்னும் ஓரடி உயர்வார்.

"நம்ம குழு ரெண்டு பண்ணையப் பார்த்துட்டு வந்துச்சு. வந்த கொஞ்ச நாள்லயே ரெண்டுலயும் நோய் வந்துருச்சு. இதுலேந்து என்ன தெரியுது? நாம சரியான இடத்துக்குத்தான் போயிருக்கோம்! நோய் எங்க வரப் போகுதுன்னு முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற திறமை இந்த நாட்டுலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு."

கைதட்டல் எழுந்தது. முட்டைக்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டே எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். அந்த ரெண்டு பண்ணைக்கும் போறதுக்கு முன்னாடி குழு எங்க சார் போயிருந்துச்சு?"

"நோய் வந்த பண்ணைகளுக்கு. வேற எங்க போறது? நோய் எப்படி இருக்கும்னே தெரியாம, ஒரு இடத்துல அது இல்லைன்னு எப்படிய்யா உறுதி பண்றது?"

முட்டைக்காரர் திருதிருவென்று விழித்தார். இதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று மனசுக்குப் பட்டது. ஆனால் படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது ஓட்டை தன் மண்டையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வந்த காரியத்தைக் கேட்டார்.

"சார், எங்க பண்ணைதான் கடைசி. இந்த ஒரு தடவை மட்டும் எங்க கோழிக்கும் அந்த மருந்தைக் கொடுத்தீங்கன்னா..."

கூட்டம் மூச்சை நிறுத்தியது. இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க கோழி நோய்ல செத்தா அது இயற்கை. மருந்து போட்டுப் பிழைச்சா அது ஒப்பந்த மீறல். எதிர்ப்பு சக்தி இல்லாததுதான்யா உங்க கோழிக்கு மரியாதையே. அந்த மரியாதையோட சாகறதுக்கு எத்தனை கோழிக்குக் கொடுத்து வெச்சிருக்கு?"

"சரிங்க சார்" என்றார் முட்டைக்காரர். வாழ்க்கையில் அவர் அதிகம் பேசிய சொற்கள் அவைதான்.

"பயப்படாதீங்க. நாளைக்கு உங்க பண்ணையப் பாதுகாக்க நாங்களே நேர்ல வர்றோம்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். குவளை கையிலிருந்து நழுவியது.

"குழுவா? அந்த ரெண்டு பண்ணைக்கும் போன அதே குழுவா?"

"அதேதான். ஆனா அவங்க பாதுகாக்க வர்றாங்க."

"ரெண்டு பண்ணையப் பாதுகாத்தாச்சுல்ல. நம்மளையும் பாதுகாத்துட்டா வேலை முடிஞ்சுது." குஞ்சாகக் கையில் வாங்கி வளர்த்த கோழிகள். ஒவ்வொன்றின் நடையும் அவளுக்குத் தெரியும். "என்னங்க, இதுங்களுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?"

அவர் கீழே கிடந்த குவளையை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை இயக்குநர் முட்டைக்காரரை வீட்டில் விட்டுவைக்கவில்லை. வழிகாட்ட வேண்டும் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வழி எல்லோருக்கும் தெரிந்த வழிதான். குழுவில் வழிகாட்டி என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டியிருந்தது. முதலில் நோய் வந்த பண்ணைகளுக்குப் போனார்கள். ஒவ்வொன்றிலும் இயக்குநர் செத்த கோழியை வெறுங்கையால் தூக்கிப் பிடித்து, முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். சோகம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னால் இன்னொரு கோழியைத் தூக்கினார். பிறகு, பக்கத்துப் பண்ணைக்காரர்களை வரவழைத்து, ஐஸ் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு குப்பி மருந்து எடுத்துக் கொடுத்தார். அதற்கும் படம். எச்சமும் இறகும் குழுவின் பூட்ஸ்களில் அப்பிக்கொண்டன. ஜீப்பின் தரையே ஒரு கோழிக்கூண்டு ஆகிவிட்டது.

"அடுத்தது உங்க பண்ணை" என்றார் இயக்குநர், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே.

பண்ணைக் கதவு பூட்டியிருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முட்டைக்காரரின் மனைவி நின்றிருந்தாள்.

"கதவைத் திறங்கம்மா. பாதுகாப்புக் குழு வந்திருக்கு."

"வாங்க சார். குளியலறை அந்தப் பக்கம், வெளிய இருந்தே போகலாம். புது சோப்பு வெச்சிருக்கேன். துண்டும் இருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

"நாங்கல்லாம் காலையிலயே குளிச்சாச்சு."

"அதுக்கப்புறம் செத்த கோழியக் கையில பிடிச்சுட்டுப் படம் எடுத்திருக்கீங்களே. உங்க நிலையமே பேஸ்புக்ல போட்டிருக்கு. என் தம்பி போன்ல அனுப்பினான். படம் நல்லா வந்திருக்கு சார்."

இயக்குநர் ஒரு கணம் மகிழ்ந்தார். பிறகுதான் சுதாரித்துக்கொண்டார்.

"அம்மா, அந்தப் பலகையில கீழ இப்படிக்கு யாருன்னு போட்டிருக்கு, பாருங்க. அந்த விதிய எழுதினதே நான்."

"அதனாலதான் சார் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை."

"விதி எழுதினவனுக்கே விதியா? டாக்டர் யாராவது தன் மாத்திரையத் தானே முழுங்குவாரா?"

சோப்பைக் கம்பி வழியாக நீட்டினாள்.

குழு ஜீப்பின் நிழலில் அங்கேயே அவசரமாகக் கூடியது. குளித்துவிட்டால் என்ன என்று ஓர் இளைய அதிகாரி வாய் தவறிக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி முறைப்படி ஆராயப்பட்டது. குளியலறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். இயக்குநர் முதலில் குளித்தால், அவர் துண்டோடு நிற்பதைக் கீழுள்ளவர்கள் பார்க்க நேரும், பதவிக்கு இழுக்கு. கீழுள்ளவர்கள் முதலில் குளித்தால், அவர்களுக்காக இயக்குநர் காத்திருக்க நேரும். அது இன்னும் பெரிய இழுக்கு. எல்லோரும் ஒன்றாகக் குளிக்கக் கட்டடம் இடம் தரவில்லை. ஆகவே குளிப்பது நிர்வாக ரீதியாக இயலாத காரியம் என்று ஒருமனதாக முடிவானது.

"கோழிங்களை வெளிய கொண்டு வாங்க. ரோட்டுலயே வெச்சுப் பார்த்துக்கறோம்" என்றார் துணை இயக்குநர். அவர் ஒல்லியானவர். தனக்கென்று கருத்து வைத்துக்கொள்ளாமலே பதவி உயர்ந்தவர்.

"வெளிய வந்த கோழி திரும்ப உள்ள வரணும்னா அதுவும் குளிக்கணும் சார். ரெண்டு தடவை சோப்பு. காது மடல் எங்க இருக்குன்னு நீங்கதான் காட்டணும்."

குழு மறுபடி கூடியது. இந்த முறை துணை இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோழிகளைப் பார்க்க முடியாத சூழ்நிலையில், கோழிகளின் சார்பாக அவற்றின் சொந்தக்காரரைப் பரிசோதிக்கலாம். முட்டைக்காரரை ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறதா என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி, அக்குளில் இறகு உதிர்ந்திருக்கிறதா என்று ஒருவர் பழக்க தோஷத்தில் பார்த்தும்விட்டார்.

"தீனி சரியா எடுக்குதா?"

"காலையிலேந்து ஒண்ணும் சாப்பிடலீங்க சார்."

"கழிச்சல்?"

"நீங்க வர்றீங்கன்னு கேட்டதுலேந்து கொஞ்சம் இருக்குங்க சார்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்கள். இயக்குநர் குரலைத் தாழ்த்தி, "என்ன நிறம்?" என்று கேட்டார்.

முட்டைக்காரருக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குள் இயக்குநருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"இந்த விளையாட்டெல்லாம் போதும். கதவுக்கு இன்னொரு சாவி இருக்குமே, அது யார்கிட்ட இருக்கு?"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். "என்கிட்ட இருக்குங்க சார்."

"திறங்க."

முட்டைக்காரர் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். வலைக்குப் பின்னால் கோழிகள் வழக்கம் போல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அவர் குரல் கேட்டு நாலைந்து கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வலையோரம் ஓடி வந்தன. தீனி கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் தன் காலணியைப் பார்த்தார். குழுவின் காலணிகளில் இருந்ததெல்லாம் அதிலும் இருந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அவள் அப்படிப் பயந்து தான் பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"திறங்கய்யா! திறக்கலைன்னா ஒப்பந்தம் ரத்து. அப்புறம் ஒரு முட்டை கூட உங்ககிட்ட வாங்க மாட்டோம்."

நிலையம் கடை முட்டையைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வந்தது. அந்த வருமானத்தில்தான் வீடு நடந்தது. முட்டைக்காரரின் வாய் "சரிங்க சார்" என்று சொல்லத் திறந்தது. கை வேறு வேலை செய்துவிட்டது. சாவி கதவுக்கு மேலாகப் பறந்துபோய், மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

தான் செய்ததைப் பார்த்து எல்லோரையும் விட அதிகம் திகைத்தவர் அவர்தான்.

இயக்குநர் நிமிர்ந்து நின்றார். புகைப்படக்காரரைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"குறிச்சுக்கங்க. இந்த நிமிஷத்துலேந்து இந்தப் பண்ணை தூய பண்ணை இல்லை. இதுக்கும் நம்ம நிலையத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதுங்க இனிமே சாதாரணக் கோழிங்க!" கடைசி வார்த்தையைத் துப்புவது போலச் சொன்னார்.

முட்டைக்காரர் சாவி விழுந்த தொட்டியைப் பார்த்தார். ஜீப்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் வலைக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி கேட்டாள்.

"சார், அப்ப எங்க கோழியும் இனிமே ஊர்க்கோழி மாதிரிதானா?"

"மாதிரி என்ன? ஊர்க்கோழியேதான்."

"ஊர்க்கோழிக்கெல்லாம் நீங்க மருந்து கொடுக்கறீங்கல்ல சார்?"

"கொடுக்கறோமே! நல்லவங்க கெட்டவங்கன்னு எங்க நிலையம் பாகுபாடு பார்க்காது. எங்கள மதிக்காதவங்க வீட்டுக் கோழியும் எங்களுக்குக் கோழிதான்."

துணை இயக்குநர் கையைத் தூக்கினார். முகம் வெளிறியிருந்தது. "சார், ஒரு நிமிஷம்..."

"நான் பேசிட்டு இருக்கேன். கேள்வியெல்லாம் கடைசியில." இயக்குநருக்குப் பேச்சு பொங்கி வந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் வேறு தயாராக நின்றார். "எடு அந்த ஐஸ் பெட்டிய! தப்பு பண்ணினவங்களுக்கும் கருணை காட்டுறதுதான் நம்ம நிலையத்தோட பெருமை. எத்தனை கோழிம்மா? எல்லாத்துக்கும் எடுத்துக்கங்க."

"சார், அந்தக் கோழிக்கெல்லாம் போட்டுட்டா அப்புறம்..." என்றார் துணை இயக்குநர்.

"கடைசியிலன்னு சொன்னேன்ல?"

கையைத் தூக்கியபடியே துணை இயக்குநர் வாயை மூடிக்கொண்டார். மேலதிகாரி பேசும்போது குறுக்கிட்டவர் என்ற கெட்ட பெயர் அவருக்குப் பணிக்காலம் முழுதும் வந்ததில்லை. அதை இன்றைக்குக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

இயக்குநர் புன்னகையோடு குப்பிகளை நீட்டினார். படம் விழுந்தது. அவள் கம்பிக்கு அடியில் ஒரு வாளியைத் தள்ளி, "அதுல போடுங்க சார்" என்றாள். மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே குப்பிகளைக் கையால் தொட்டாள். கருணையைக் கூடக் கழுவித்தான் வாங்கிக்கொள்வேன் என்கிற பெண்பிள்ளை.

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. முட்டைக்காரர் நடு ரோட்டில் நின்றார்.

"ஒப்பந்தம் போச்சே" என்றார்.

"கோழி இருக்குல்ல" என்றாள் அவள். இப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "சாவியத் தூக்கிப் போட்டீங்களே, அங்க தெரிஞ்சுதுங்க நீங்க யாருன்னு. சரி, சீக்கிரம் குளிங்க. நகக்கண்ணு மறந்துராதீங்க."

குழு வழியில் ஓரிடத்தில் தேநீர் குடிக்க நின்றது. வெற்றிகரமான ஆய்வுக்குப் பிறகு தேநீர் அருந்துவது மரபு. பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்து, துணை இயக்குநரிடம் "என்னவோ கேக்கணும்னீங்களே?" என்றார்.

"கேள்வி இல்லை சார். தகவல்தான். அதுதான் நமக்கு மிச்சமிருந்த கடைசித் தூய பண்ணை. மருந்து போட்டாச்சுன்னா அந்தக் கோழிங்க இனிமே இடுற எந்த முட்டையும் நமக்கு ஆகாது."

இயக்குநர் தேநீர்க் கோப்பையை வைக்க மேசையைத் தேடினார். மேசை அங்கேயேதான் இருந்தது.

ஜீப் வந்த வேகத்தைப் பார்த்து ரோட்டில் போனவர்கள் ஒதுங்கினார்கள். கதவருகே வருவதற்குள்ளாகவே இயக்குநர் கத்தினார். "நிறுத்துங்க! போடாதீங்க!"

உள்ளே முட்டைக்காரர் ஈரத் தலையோடு கோழியைப் பிடித்துக் கொடுக்க, மனைவி அதன் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண் சிமிட்டும் வரை பார்த்துவிட்டு இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"ஒண்ணும் கேக்கல சார்! குளிச்சுட்டு வந்து சொல்லுங்க!" என்று மனைவி குரல் கொடுத்தாள்.

இயக்குநர் குளிக்க ஓடினார். அன்றைக்குத்தான் அவர் தன் விதியை முதன்முதலாக முழுசாகப் படித்தார் என்று சொல்ல வேண்டும். சட்டையோடு ஒரு வாளி ஊற்றிக்கொண்டு வெளியே வரப் பார்த்தவரிடம், "ரெண்டு தடவை சோப்பு சார்" என்று துணை இயக்குநர் கதவுக்கு வெளியிலிருந்து மரியாதையாக நினைவூட்டினார். "நகக்கண்ணு சார்." "காது மடல் பின்னாடி சார்." "மூக்கு சிந்தின சத்தம் கேக்கலையே சார்." இத்தனை நுணுக்கமாக இந்த விதியை எந்த முட்டாள் எழுதினான் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதில் சொல்வது தன் பதவிக்கு உகந்ததல்ல என்று துணை இயக்குநர் பேசாமல் இருந்துவிட்டார்.

தனக்கு ஒரு சாண் குட்டையான பண்ணை உடையில், மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, தலை சொட்டச் சொட்ட இயக்குநர் உள்ளே வந்து சேர்ந்தபோது, முட்டைக்காரரின் கையிலிருந்த கோழி கண்ணைச் சிமிட்டியது.

"அதுதான் சார் கடைசி" என்றார் முட்டைக்காரர். ரொம்ப நேரம் கழித்து அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

இயக்குநர் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் கோழிகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு திரிந்தன. மற்ற அதிகாரிகளும் ஒவ்வொருவராகக் குளித்து, பண்ணை உடை போதாமல் துண்டோடு வந்து வரிசையாக நின்றார்கள். பதவி இறங்குவரிசையில்தான்.

முட்டைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "சார், உள்ள அறையில ரெண்டு தட்டு முட்டை இருக்கு. மருந்து போடறதுக்கு முன்னாடி இட்டது. அது நல்ல முட்டைதானே சார்? எடுத்துட்டுப் போங்க. ஊருக்கு மருந்து வேணும்ல."

"பணம் கூட வேண்டாம் சார்" என்றாள் மனைவி. "பாவம், அத்தனை பேரு வாசல்ல நிக்கறாங்க."

துணை இயக்குநரின் முகம் மலர்ந்தது. இயக்குநர் தலையை மெல்ல ஆட்டினார்.

"முடியாது. விலக்கி வெச்ச பண்ணையோட முட்டைய நிலையத்துக்குள்ள விடக் கூடாது. அதுவும் விதி. அதுவும் நான் எழுதினதுதான்." கொஞ்சம் யோசித்தார். காலையிலிருந்து தேநீரும் பிஸ்கட்டும் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. "ஆனா சாப்பிடக் கூடாதுன்னு விதியில இல்லை."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அதிகாரிகள் துண்டோடு வட்டமாக உட்கார்ந்து, வெந்த முட்டைகளை ஓடு உரித்து ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். ஒரு முட்டையிலிருந்து ஒரு தெருவின் கோழிகளுக்கெல்லாம் மருந்து எடுக்கலாம் என்று நிலையத்தில் சொல்லிக் கேட்டிருந்தார் முட்டைக்காரர். அவர் நின்றபடி எண்ணிக்கொண்டிருந்தார். இளைய அதிகாரி இரண்டு தெருவைச் சாப்பிட்டார். துணை இயக்குநர் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு தெருவோடு நிறுத்திக்கொண்டார். இயக்குநர் நான்காவது தெருவை உரித்து, உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.